ஆளைப் பார்த்து ஓட்டா, ஆள் போடும் விதத்தைப் பார்த்து ஓட்டா?

தேர்தல் நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன. “சார், தலைவர் தங்கமான மனுஷன். ஆனா சுத்தி இருக்கறதெல்லாம் சரியில்லாத ஆளுங்க. எதிர்ல நிக்கறவர் சுமார்தான், ஆனா அவர்கூட நாலு விஷயம் தெரிஞ்சவங்க இருக்காங்க. யாருக்குப் போடறது?” மீதிப் பாதி இன்னும் சலிப்பானது: “எல்லாரும் நிபுணர்களைக் கொண்டுவருவோம்னுதான் சொல்றாங்க. வந்தப்புறம் யாரைப் போடறாங்கன்னு பார்த்தா மச்சான், மாமன். இதுல எதை வெச்சு முடிவு பண்றது?”

கேள்வி நியாயமானதுதான். வாக்குச் சீட்டில் இருப்பது ஒரு பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு படையே உள்ளே வருகிறது. அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் மாறும்போது அரசியல் நியமனமாக நிரப்பப்படும் பதவிகள் சுமார் 4,000. அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு செனட் ஒப்புதல் தேவை. அந்த 4,000 பேரில் பத்துப் பேரின் பெயரைச் சொல்லக்கூடிய வாக்காளர் அபூர்வம். நாடாளுமன்ற முறையில் எண்ணிக்கை குறைவு. ஆனால் அமைச்சர், செயலர், வாரியத் தலைவர், துணைவேந்தர், ஒழுங்குமுறை ஆணைய உறுப்பினர் என்று அங்கேயும் பட்டியல் நீளம். ரேஷன் வருவதும் அணை திறப்பதும் தடுப்பூசி கிடைப்பதும் இவர்கள் கையில். தலைவர் கையெழுத்துப் போடுகிறார், அவ்வளவே.

பிரசாரத்தில் தலைவர்கள் இந்த விஷயத்தில் சொல்வதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நாலே நாலு வாக்குறுதிதான் தேறும்: “என் நம்பிக்கைக்குரியவர்களைப் போடுவேன்”, “துறை தெரிந்தவர்களைக் கொண்டுவருவேன்”, “தனி ஆணையத்திடம் விட்டுவிடுவேன்”, “அந்தப் பதவிக்கும் நீங்களே ஓட்டுப் போடுங்கள்”. இந்த நான்கையும்தான் இங்கே எடை போடுகிறேன்.

## முதலில் தராசு

ஐந்து கேள்விகள் வைத்துக்கொள்வோம்.

ஒன்று, வந்தவருக்கு வேலை தெரியுமா? பட்டம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இதே மாதிரி வேலையை, இதைவிடச் சின்ன அளவிலாவது, முன்பு செய்திருக்கிறாரா என்பதே பார்க்க வேண்டியது.

இரண்டு, கெட்ட சேதியை மேலே கொண்டுபோவாரா?

மூன்று, வேலை நகருமா? எல்லாம் தெரிந்தவர் வந்து, கீழே ஒருவரும் அசையாவிட்டால் பயனில்லை.

நான்கு, சொதப்பினால் வாக்காளர் யார் சட்டையைப் பிடிப்பது?

ஐந்து, தப்பான ஆள் என்று தெரிந்த பிறகு கழற்றிவிட முடியுமா, எவ்வளவு நாளாகும்?

‘நேர்மை எங்கே?’ என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். நேர்மையை யாரும் முன்கூட்டி வெளியிலிருந்து அளந்ததில்லை. எல்லா வேட்பாளர்களும் எல்லா நியமனதாரர்களும் முதல் நாளில் நேர்மையானவர்களே. நான்காவதும் ஐந்தாவதும் சரியாக இருந்தால் நேர்மைக் குறைவு ஓரளவு தானாக வெளியே வரும். அவை இரண்டும் இல்லாவிட்டால் உத்தமரைப் போட்டும் பிரயோஜனமில்லை.

இரண்டாவது கேள்வியை மட்டும் கொஞ்சம் விரிக்கிறேன், அதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் தருவேன். பல வருடம் முன்பு ஒரு பொது நிறுவனத்தில் ஆய்வுக் கூட்டங்களுக்குக் குறிப்பெடுக்கும் வேலையில் இருந்தேன். புதிதாக வந்த தலைவர் தேர்தல் வேலையில் கெட்டிக்காரர், அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குப் பரிசாகக் கிடைத்த நாற்காலி அது. கூட்டத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “எப்ப முடியும்? தேதி சொல்லுங்க.” என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செயற்பொறியாளர் கோப்பில் இரண்டு தாள் வைத்திருந்தார். மேல்தாளில் பதினான்கு மாதம், அடித்தாளில் ஆறு மாதம். அவருக்கு முன்னால் பேசியவர் “கொஞ்சம் கஷ்டம் சார்” என்று ஆரம்பித்து அரை நிமிடத்தில் உட்கார வைக்கப்பட்டார். பொறியாளர் மேல்தாளை உருவிக் கோப்பின் அடியில் செருகினார். ஆறு மாதம் என்று படித்தார். தலைவர் முகம் மலர்ந்தது. நானும் ஆறு என்றே குறித்துக்கொண்டேன். வேலை முடிந்தது பதினாறாவது மாதத்தில்.

அந்தத் தலைவர் கெட்டவர் இல்லை. பொறியாளர் திறமையற்றவர் இல்லை, சரியான கணக்கை அவர்தான் போட்டு வைத்திருந்தார். அது மேலே போகவில்லை என்பதுதான் கோளாறு.

## “என் நம்பிக்கைக்குரியவர்களைப் போடுவேன்”

படித்தவர்கள் இதைக் கேட்டவுடன் முகம் சுளிப்பார்கள். அவ்வளவு அவசரப்பட வேண்டாம்.

2005 ஆகஸ்ட் 29 அன்று கேத்ரீனா புயல் அமெரிக்காவின் தென்கரையில் ஏறியபோது, பேரிடர் மேலாண்மை முகமையின் தலைவர் மைக்கேல் பிரவுன். அதற்கு முன் அவர் அரேபியக் குதிரை வளர்ப்போர் சங்கம் ஒன்றில் நடுவர்களை மேற்பார்வையிடும் பொறுப்பில் இருந்தவர். முகமைக்குள் அவரை அழைத்து வந்தவர் அதன் முந்தைய தலைவர் ஜோ ஆல்பா. ஆல்பா யார்? 2000 தேர்தலில் ஜார்ஜ் புஷ்ஷின் பிரசார மேலாளர். நம்பிக்கைக்குரியவர் தனக்கு நம்பிக்கைக்குரியவரைக் கூட்டி வந்தார். நியூ ஆர்லியன்ஸ் தண்ணீரில் கிடந்தபோது புஷ் கேமரா முன் பிரவுனைத் தட்டிக்கொடுத்துப் பாராட்டினார். சில நாளில், செப்டம்பர் 12 அன்று, பிரவுன் பதவி விலகினார்.

விசுவாச நியமனத்துக்கு எதிரான உதாரணமாக இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். பாதிக் கதை அது. இதே முகமையில் 1993-ல் கிளின்டன் அமர்த்திய ஜேம்ஸ் லீ விட்டும் தலைவருக்கு வேண்டியவர்தான். கிளின்டன் ஆளுநராக இருந்த அர்கன்சாவிலிருந்து கூடவே வந்தவர். ஆனால் அர்கன்சாவில் அவர் பார்த்தது மாநிலப் பேரிடர் அலுவலகத் தலைமை. வெள்ளமும் சூறாவளியும் அவருக்குப் பழக்கம். கேலிப்பொருளாக இருந்த முகமை அவர் காலத்தில் நல்ல பெயர் வாங்கியது. தலைவரிடம் நேரே தொலைபேசியில் பேசக்கூடியவர் என்பது அங்கே கூடுதல் பலமானது.

ஆக, வேண்டியவர் என்பதே குற்றமில்லை. வேண்டியவர், ஆனால் வேலை செய்தவரா என்பதே கேள்வி. மூன்றாவது, நான்காவது அளவுகோல்களில் இந்த வழி உண்மையிலேயே முதலிடம். கோப்பு நகரும், தப்பு நடந்தால் யார் ஆள் என்று ஊருக்கே தெரியும். காகிதத்தில் பார்த்தால் கழற்றுவதும் எளிது, ஒரு கையெழுத்துதான்.

மறைமுகச் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. மேல் நாற்காலி விசுவாசத்துக்குத்தான் என்று தெரிந்த நாளிலிருந்து, இரண்டாம் வரிசையில் இருக்கும் விவரமானவர்கள் ஒன்று கிளம்பிவிடுவார்கள், அல்லது ஜால்ரா போடக் கற்றுக்கொள்வார்கள். இது ஆட்சி மாறினாலும் சரியாகாது. போன ஆட்கள் திரும்பி வருவதில்லை. இன்னொன்று, வேண்டியவரைக் கழற்றுவது காகிதத்தில் எளிது, மனசில் கடினம். தேர்தலில் உழைத்தவரை எப்படி வீட்டுக்கு அனுப்புவது? டம்மி இலாகா ஒன்று உருவாகும், அதற்கும் காரும் அலுவலகமும் வரும்.

எப்போது இது சரி? பதவியின் சாரமே தலைவரின் குரலாக இருப்பது என்றால் சரி: தனிச்செயலர், செய்தித் தொடர்பாளர், கொறடா. நெடுநாள் ஆட்சி முடிந்து புது ஆட்சி வரும்போதும் சரி. பழைய இயந்திரம் பிரேக் போட்டு நிற்கும், தள்ள ஆள் வேண்டும். வெள்ளம், நோய், மின்சாரம், கணக்கு ஆகியவற்றைத் தொடும் எந்தப் பதவிக்கும் விசுவாசம் மட்டும் போதாது.

## “துறை தெரிந்தவர்களைக் கொண்டுவருவேன்”

கேட்க இனிமையான வாக்குறுதி இதுதான். நானும் இதில் மயங்கியவன்.

1991 ஜூனில் நரசிம்ம ராவ் பிரதமரானபோது கையில் இருந்த அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் போதும். அரசியலுக்கு வெளியிலிருந்து மன்மோகன் சிங்கை நிதியமைச்சராக்கினார். ரிசர்வ் வங்கி ஆளுநராக 1982 முதல் 1985 வரை இருந்தவர், திட்டக்குழுவும் நிதியமைச்சகமும் அவருக்கு உள்ளங்கை ரேகை. ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பு இரு தவணைகளில் குறைக்கப்பட்டது. தங்கம் வெளிநாட்டில் அடகுக்குப் போனது. ஜூலை 24 அன்று பட்ஜெட்.

நிபுணர் வந்தார், நாடு பிழைத்தது என்று இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். நான் பார்ப்பது வேறொன்றை. அதே ஜூலை 24 அன்று புதிய தொழில் கொள்கையும் அவையில் வைக்கப்பட்டது. தொழில் தொடங்க எதற்கெடுத்தாலும் அரசு உரிமம் கேட்ட ‘உரிம ராஜ்ஜியத்தை’ உடைத்த அந்தக் கொள்கையின் துறை, தொழில் துறை, யாரிடம் இருந்தது? ராவ் தன்னிடமே வைத்திருந்தார். கட்சிக்குள் அடி விழும் இடத்தில் அரசியல்வாதி நின்றுகொண்டார், கணக்கு போடும் இடத்தில் நிபுணரை உட்கார வைத்தார். அந்த முதுகு இல்லாமல் வந்திருந்தால் மன்மோகன் சிங் மூன்று மாதம் தாங்கியிருப்பாரா என்பது சந்தேகம்.

முதுகு இல்லாத கதைக்கு இத்தாலி. 2011 நவம்பரில் பொருளாதாரப் பேராசிரியர் மாரியோ மோன்டி பிரதமரானார். அமைச்சரவை முழுக்கக் கட்சி சாராத நிபுணர்கள். ஓய்வூதிய வயதை உயர்த்தினார்கள், கடன் நெருக்கடியை ஒருவாறு அடக்கினார்கள். 2013 பிப்ரவரித் தேர்தலில் மோன்டியின் கூட்டணி வாங்கியது சுமார் 10 சதவீதம். அவர்களை ஆதரித்த கட்சிகளே கசப்பு மருந்தின் பழியை அவர்கள் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துகொண்டன. நிபுணருக்குச் சொந்தமாக ஒரு தொகுதிகூட இல்லை, யார் பரிந்து பேசுவார்கள்?

மூன்றாவது வகை ஆபத்து ராபர்ட் மெக்னமாரா. ஃபோர்டு கார் நிறுவனத்தின் தலைவராக இருந்து 1961-ல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரானவர். எண்களில் மேதை. வியட்நாமில் எண்ண முடிந்ததையெல்லாம் எண்ணினார், கொல்லப்பட்ட எதிரிகளின் தலைக்கணக்கு உட்பட. தலைக்கணக்குதான் வெற்றிக்கு அளவு என்று கீழே தெரிந்துவிட்டால் கீழிருந்து என்ன எண் வரும்? நான் பார்த்த பொறியாளரின் அடித்தாள் மாதிரிதான் வரும். ஒரு துறையின் வித்தகர் அடுத்த துறைக்குள் வரும்போது, தன் பழைய தராசையும் தூக்கிக்கொண்டு வருகிறார்.

நிபுணர் இல்லாத ஒருவர் நிபுணர்களை வைத்து வேலை வாங்கியதற்கும் உதாரணம் உண்டு. சி. சுப்பிரமணியம் படித்தது இயற்பியலும் சட்டமும். 1964-ல் லால் பகதூர் சாஸ்திரி அவரை உணவு, வேளாண்மைத் துறைக்கு அமைச்சராக்கினார். யாரும் தொடத் தயங்கிய துறை. அவர் எம். எஸ். சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகளை அழைத்துப் பேசினார், அவர்கள் சொன்ன குட்டைக் கோதுமையை நம்பினார், 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதையை இறக்குமதி செய்யவைத்தார். நிதிப் பக்கத்திலிருந்தும் இடதுசாரிகளிடமிருந்தும் வந்த எதிர்ப்பைச் சமாளித்தது அவருடைய அரசியல் அனுபவம். வேலை தெரிய வேண்டும் என்ற முதல் அளவுகோலை இந்த உதாரணத்துக்குப் பிறகு நான் கொஞ்சம் திருத்திக்கொண்டேன்: வேலை தெரிய வேண்டும், இல்லையென்றால் வேலை தெரிந்தவரை அடையாளம் கண்டு, அவர் சொல்வதைக் கேட்கும் காதாவது வேண்டும்.

எப்போது இந்த வழி சரி? பிரச்சினை தொழில்நுட்பமானது, தீர்வு பெரும்பாலும் தெரிந்தது, செய்யத்தான் ஆளில்லை என்கிறபோது. அதிலும், தலைவர் தன் பெயரையும் பணயம் வைக்கிறாரா என்று பாருங்கள். பிரசார மேடையில் நாலு பேராசிரியர்களை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுப்பதற்குப் பெயர் நியமனம் இல்லை.

## “தனி ஆணையத்திடம் விட்டுவிடுவேன்”

அமெரிக்காவில் இந்த வழி பிறந்ததே ரத்தத்தில்தான். 1881 ஜூலை 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை ரயில் நிலையத்தில் சுட்டவர் சார்லஸ் கிட்டோ. தேர்தலில் உழைத்ததற்குக் கைமாறாகப் பாரிஸ் தூதரகப் பதவி வேண்டும் என்று மாதக்கணக்கில் அலைந்து ஏமாந்தவர். செப்டம்பரில் கார்ஃபீல்டு இறந்தார். அடுத்து வந்தவர் செஸ்டர் ஆர்தர், அவரே பதவி வேட்டை அரசியலின் வார்ப்பு. நியூயார்க் துறைமுகச் சுங்கத் தலைவராக இருந்து, 1878-ல் அப்போதைய குடியரசுத் தலைவரால் நீக்கப்பட்டவர். அந்த ஆர்தர்தான் 1883 ஜனவரியில், அரசு வேலைக்குத் தேர்வு வைக்கும் பென்டில்டன் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். முதலில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்கே அது பொருந்தியது. பிறகு மெல்ல மெல்லப் பரவியது.

பிரிட்டனில் அரசு வேலைக்குத் தேர்வு வைத்து ஆள் எடுக்கச் சொன்ன நார்த்கோட், டிரெவல்யன் அறிக்கை வந்தது 1854-ல். திறந்த போட்டித் தேர்வு பரவலானது 1870-க்குப் பிறகு. இந்தியாவில் முதல் பொதுப்பணித் தேர்வாணையம் 1926-ல். சீனாவில் இதெல்லாம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழசு. 1905-ல் அவர்களே அந்தத் தேர்வை ஒழித்தார்கள், எட்டுப் பகுதிகளாக வகுத்த தேர்வுக் கட்டுரையை இலக்கணம் பிசகாமல் எழுதத் தெரிந்தவருக்கு ரயில் பாதையும் பீரங்கியும் தெரியவில்லை என்பதால். தேர்வுக்கு உள்ள அடிப்படைக் குறை அதுதான்: தேர்வில் கேட்கப்படும் திறமையைத்தான் அது கண்டுபிடிக்கும். இருபத்தைந்து வயதில் எழுதிய தாள் ஐம்பது வயதில் ஒரு துறையை நடத்த முடியுமா என்று சொல்லாது.

உயர் பதவிகளுக்குத் தேர்வு வைக்க முடியாது, குழுதான் வைக்க வேண்டும். குழு என்றவுடன் நிம்மதி அடைய வேண்டாம். குழுவில் யார் யார் என்று எண்ணுங்கள். இந்தியத் தலைமைத் தேர்தல் ஆணையரைத் தேர்ந்தெடுக்க 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஏற்பாடாக ஒரு குழுவைச் சொன்னது: பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தலைமை நீதிபதியின் இடத்தில் ஒரு ஒன்றிய அமைச்சரை உட்கார வைத்தது. மூன்றில் இரண்டு அரசு. குழுவுக்குப் பெயர் மாறவில்லை, கூட்டல் கணக்கு மாறிவிட்டது.

அப்படிப்பட்ட குழுவிலும் ஒரு பயன் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. 2010-ல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையரைத் தேர்ந்தெடுத்த குழுவிலும் இரண்டுக்கு ஒன்றுதான். எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா ஸ்வராஜ் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். நியமனம் நடந்தது. 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தோற்ற ஓட்டும் காகிதத்தில் நின்றால் பின்னால் உதவும்.

மறைமுகச் செலவு நான்காவது கேள்வியில் தெரியும். ஆணையம் தேர்ந்தெடுத்தவர் சொதப்பினால் தலைவர், “நான் போடலியே” என்பார். ஆணையம் வாய் திறக்காது. வாக்காளர் நடுவில் நிற்பார். கழற்றுவதும் ஆமை வேகம்தான். அந்தப் பாதுகாப்பு வேண்டுமென்றே கொடுக்கப்பட்டது.

என்னுடைய விதி எளிது. தலைவரையே தட்டிக் கேட்க வேண்டிய பதவி என்றால், அதை நிரப்பும் அதிகாரம் தலைவர் கையில் இருக்கக் கூடாது: தேர்தல் ஆணையர், தணிக்கையாளர், நீதிபதி, புள்ளிவிவரத் துறைத் தலைவர். அங்கே மந்தம், பழி மறைவு என்ற விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். மற்ற எல்லாப் பதவிக்கும் ஆணையம் கேட்பது, தலைவரைப் பொறுப்பிலிருந்து தப்பவிடும் வழி.

## “நீங்களே ஓட்டுப் போடுங்கள்”

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2025 ஜூன் 1 அன்று மெக்சிகோ தன் நீதிபதிகளை மக்கள் வாக்கால் தேர்ந்தெடுத்தது, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது இடங்கள் உட்பட. கூட்டாட்சிப் பதவிகளுக்கு மட்டுமே ஒரு வாக்காளர் கையில் ஆறு வண்ணச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் வரிசையாகப் பெயர்கள், பக்கத்தில் எண், கட்டத்துக்குள் அந்த எண்ணை எழுத வேண்டும். வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் சுமார் 13 சதவீதம்தான். வந்தவர்களிலும் பலர் கையில், எந்தக் கட்டத்தில் எந்த எண் என்று யாரோ அச்சடித்துக் கொடுத்த துண்டுத் தாள். ஒரு பெயரையே அலசி ஓட்டுப் போட நேரமில்லாத வாக்காளரிடம் இருநூறு பெயரைக் கொடுத்தால் துண்டுத் தாளைக் கொடுப்பவர்தான் ஜெயிப்பார்.

பழங்கால ஏதென்ஸ் இதில் சூட்சுமமாக இருந்தது. சாதாரண நிர்வாகப் பதவிகளுக்குக் குலுக்கல், ஐந்நூற்றுவர் மன்றத்துக்கும் குலுக்கல். படைத்தலைவர்கள் பத்துப் பேர் போன்ற சில பதவிகளுக்கு மட்டும் தேர்தல், படைத்தலைவர்களுக்கு அது ஆண்டுதோறும். தவறினால் உயிர் போகும் வேலைக்குக் குலுக்கலை அவர்கள் நம்பவில்லை. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலையிலும் பானைக்குள் ஓலை போகுமுன் வடிகட்டல் உண்டு. வயது 35-க்கு மேல், 70-க்குள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர்களின் பெயர் பானைக்குள்ளேயே வராது, அவர்களுடைய உறவினர் பெயரும் வராது. அதிர்ஷ்டத்துக்கு விடுவதற்கு முன்பே பழைய கணக்கைப் பார்த்துவிடுகிறார்கள்.

தேர்தல் எங்கே பொருந்தும்? வாக்காளர் நேரில் பார்க்கக்கூடிய, தினமும் பலன் தெரியும் பதவிக்கு. வார்டு உறுப்பினருக்குப் பொருந்தும், மேல்முறையீட்டு நீதிபதிக்குப் பொருந்தாது.

## ஒரே பார்வையில்

| கேள்வி | வேண்டியவர் | நிபுணர் | ஆணையம் | தேர்தல் |
|---|---|---|---|---|
| வேலை தெரியுமா | முன் அனுபவம் இருந்தால் மட்டும் | தன் துறையில் நன்றாக | தேர்வு கேட்ட அளவு | தற்செயல் |
| கெட்ட சேதி மேலே போகுமா | அரிது. நெருக்கம் இருந்தால் நன்றாகவே போகும் | போகும், தலைவர் காது கொடுத்தால் | போகும், மெதுவாக | ஊருக்கே போகும், திரிந்து |
| வேலை நகருமா | வேகம் | தலைவர் முதுகு கொடுத்தால் | மந்தம் | ஆளைப் பொறுத்தது |
| யாரைப் பிடிப்பது | தலைவரை | நிபுணர் பலியாவார் | யாரையும் பிடிக்க முடியாது | அவரையே |
| கழற்ற முடியுமா | முடியும், மனசு வராது | மிக எளிது | கடினம் | அடுத்த தேர்தல்வரை இல்லை |

## சரி, யாருக்குப் போடுவது?

கடிதம் எழுதியவருக்கு என் பதில்: நியமனப் பட்டியலைப் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், நீக்கப் பட்டியலைப் பாருங்கள். முதல் நாளில் எல்லாத் தலைவரும் நல்ல பெயர் ஒன்றிரண்டைச் சேர்த்துக்கொள்வார்கள், அது விளம்பரச் செலவு. யாரை, எதற்காக, எத்தனை நாளில் வீட்டுக்கு அனுப்பினார் என்பதில்தான் தலைவரின் கை தெரியும்.

லிங்கனை எடுத்துக்கொள்ளுங்கள். 1861-ல் அவர் போர் அமைச்சராகப் போட்ட சைமன் கேமரன் மோசமான தேர்வு. பென்சில்வேனியாவின் பெரும் புள்ளி, கட்சி மாநாட்டில் அவருடைய ஆதரவுக்காக லிங்கனின் ஆட்கள் பேசிய பேரத்தின் விலை. போர் நடக்கும்போது கொள்முதலில் ஊழல் நாறியது. ஓராண்டு முடிவதற்குள், 1862 ஜனவரியில், லிங்கன் அவரை ரஷ்யாவுக்குத் தூதராக அனுப்பிவிட்டார். அந்த இடத்தில் வந்தவர் எட்வின் ஸ்டான்டன்: எதிர்க்கட்சிக்காரர், முந்தைய ஆட்சியில் அமைச்சர், 1855-ல் ஒரு வழக்கில் லிங்கனைக் கூட வைத்துக்கொள்ளவே விரும்பாமல் ஒதுக்கித் தள்ளிய வக்கீல். வேலை தெரிந்தவர், முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்பவர். பிறகு பிரதிநிதிகள் சபை கேமரனைக் கண்டித்துத் தீர்மானம் போட்டபோது, அந்தத் தவற்றில் தனக்கும் தன் அமைச்சரவைக்கும் பங்குண்டு என்று லிங்கன் சபைக்கு எழுதினார். நியமனத்தை வைத்து மட்டும் மதிப்பெண் போட்டிருந்தால் லிங்கன் அந்த இடத்தில் பெயில்.

தலைவர் ஏற்கெனவே ஆட்சியில் இருந்தவர் என்றால் இதைத் தேடுவது சுலபம். பழைய செய்தித்தாள் போதும். உண்மைக் கணக்கைச் சொன்ன அதிகாரியைத் தூக்கி அடித்தார்களா? சொதப்பியவர் பதவி உயர்வோடு நகர்ந்தாரா? மூன்று வருடத்தில் ஐந்து செயலர் மாறிய துறை எது? புதுமுகம் என்றால் அவர் கட்சியை நடத்திய விதத்தைப் பாருங்கள்: வரவு செலவு யாரிடம் இருக்கிறது, கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர் அடுத்த கூட்டத்தில் எங்கே உட்கார்ந்திருந்தார். தலைவர் தங்கம், சுற்றி இருப்பவர்கள் தகரம் என்றால், அந்தத் தகரம் எத்தனை வருடமாகக் கூட இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு வருடம் என்றால் பொறுக்கலாம். பத்து வருடம் என்றால் தங்கத்தின் மேல் சந்தேகம் வர வேண்டும், நான் போட மாட்டேன். சுமாரான தலைவர், நல்ல ஆட்கள் என்றால், அந்த ஆட்களில் ஒருவராவது அவரிடம் பகிரங்கமாக முரண்பட்டு, அதற்குப் பிறகும் கூடவே இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் என் ஓட்டு அவருக்கு.

இதில் நம் பக்கத்துத் தவறும் ஒன்று உண்டு. ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இரு ஆய்வாளர்கள் 2009-ல் அமெரிக்கத் தேர்தல் முடிவுகளைப் பேரிடர்ச் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெள்ளத்துக்குப் பிறகு நிவாரணம் கொடுத்தவருக்கு வாக்காளர் ஓட்டுப் போடுகிறார். வெள்ளம் வருமுன் தயாரிப்புக்குச் செலவழித்தவருக்கு ஒரு ஓட்டும் கூடுதலாக விழவில்லை. தயாரிப்பில் போட்ட ஒரு டாலர் பின்னால் சுமார் 15 டாலர் நஷ்டத்தைத் தடுத்தது என்பதும் அவர்கள் கணக்கு. பிறகு எந்தத் தலைவர் ஜேம்ஸ் லீ விட்டைத் தேடிப் பிடிப்பார்? மூட்டை தூக்கிக் கேமரா முன் நிற்கத் தெரிந்தவர் போதுமே.

சி. சுப்பிரமணியம் 1967 தேர்தலில் கோபிச்செட்டிபாளையத்தில் தோற்றார். இந்தி எதிர்ப்பு, அரிசித் தட்டுப்பாடு, மாநிலமெங்கும் வீசிய அலை என்று காரணங்கள் பல. விதை அப்போது வடக்கே வயலில் இருந்தது. 1968 அறுவடையில் கோதுமை அதுவரை இல்லாத அளவு விளைந்தது, மூட்டைகளை அடுக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களைக்கூட மூடிக் கிடங்காக்கினார்கள். கோதுமைப் புரட்சி என்று அந்த ஆண்டே தபால் தலை வந்தது. அதை ஒட்டிய கடிதங்கள் நாடெங்கும் போனபோது அவர் நாடாளுமன்ற உறுப்பினராகக்கூட இல்லை.